விகுதிகளின் பூர்வீகம்

நேயர்களுக்கு வணக்கம். 1980களில் செய்தித்தாள் படித்தவர்களுக்கு 'கிளாஸ்நோஸ்த்' நினைவிருக்கும். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அறிவித்த வெளிப்படைத்தன்மை. அந்த ரஷ்யச் சொல்லின் வாலில் இருக்கும் 'ஒஸ்த்' ஒரு விகுதி. பெயரடையோடு சேர்ந்து பண்புப்பெயரை உண்டாக்கும்.

ரஷ்யம், போலிஷ், செக், பல்கேரியம் எல்லாம் தனித்தனியாகப் பிரியும் முன் பேசப்பட்ட மொழியை மூல ஸ்லாவியம் என்கிறோம். அதில் எழுதிய ஒரு வரிகூட இன்று இல்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதை மீட்டிருக்கிறார்கள். 'ஒஸ்த்' அங்கேயே உண்டு. போலிஷில் நீளத்துக்கு 'த்வுகோஷ்ச்' என்பார்கள். இன்றைய துருக்கியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய, ஸ்லாவியத்துக்குத் தூரத்து உறவான ஹிட்டைட் மொழியில் அதே நீளம் 'தலுகஸ்தி'. வேரும் வாலும் ஒத்துப்போவதைப் பாருங்கள்!

அடுத்தது 'த்லோ'. கருவியைக் குறிக்கும் விகுதி. கழுவு என்ற வேரோடு சேர்ந்தால் சோப்பு: செக்கில் 'மீத்லோ', ரஷ்யத்தில் 'மிலோ'. உழு என்ற வேரோடு சேர்ந்தால் கலப்பை: செக்கில் 'ராத்லோ', பல்கேரியத்தில் 'ராலோ'. மேற்கே தகரம் தங்கியது, கிழக்கிலும் தெற்கிலும் உதிர்ந்துவிட்டது. இந்த ஓர் எழுத்தைப் பார்த்தே ஸ்லாவியக் கிளைகளைப் பாதி பிரித்துவிடலாம். லத்தீனில் கலப்பை 'அராத்ரும்'. அதன் 'த்ரும்' இந்த 'த்லோ'வுக்கு ஒன்றுவிட்ட உறவு.

சரி, ஆளைக் குறிக்க? பரம்பரைச் சொத்தாக வந்தது 'தெல்'. வினையோடு சேரும்: கற்பிப்பவர் ரஷ்யத்தில் 'உச்சித்தெல்'. ஆனால் இன்னொன்று இரவல் சரக்கு. லத்தீன் 'ஆரியுஸ்' ஜெர்மானிய மொழிகளுக்குப் போய், அங்கிருந்து 'ஆர்' என்று ஸ்லாவியத்துக்கு வந்தது. முதலில் முழுச் சொல்லாகவே வந்தது. சுங்கம் வசூலிப்பவர், கோத்தியர் பேசிய பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் 'மோதாரீஸ்'. பழைய ஸ்லாவிய பைபிளில் 'மித்தார்'. அப்புறம் வால் மட்டும் கழன்று உள்ளூர்ச் சொற்களில் ஒட்டிக்கொண்டது. 'ரிபா' என்றால் மீன், சுத்தமான ஸ்லாவியச் சொல், மீனவர் 'ரிபார்'. பாரசீகத்து 'தார்' நம் பங்கோடு சேர்ந்து 'பங்குதாரர்' ஆகவில்லையா, அந்த மாதிரிதான். சொல்லைக் கடன் வாங்குவது எங்கும் நடக்கிறது. விகுதியே கைமாற வேண்டுமென்றால் இரு மக்களும் நெருங்கிப் பழகியிருக்க வேண்டும். கோத்தியரும் ஸ்லாவியரும் அப்படித்தான் பக்கத்தில் வாழ்ந்தார்கள்.

வந்த விகுதி நன்றாகவே வேரூன்றிவிட்டது. ரொட்டி சுடுபவர் ரஷ்யத்தில் 'பேக்கர்', போலிஷில் 'பியெக்காஷ்', செர்பியத்தில் 'பெக்கார்'.