விலகிய உதடுகளும் விலகாத அடிகளும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘1970களின் குறைந்த செலவுக் குங்ஃபூ நகைச்சுவைப் படங்கள் இன்றும் நம்மை ஈர்ப்பது அவற்றின் குறைகளாலா, அவற்றின் உழைப்பாலா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி குறைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். உதடு ஒரு பக்கம் அசைய வசனம் இன்னொரு பக்கம் ஒலிக்கிறது என்றார். ஒட்டுத் தாடி பார்த்த உடனே தெரிகிறது என்றார். கேமரா காரணமில்லாமல் முகத்தை நோக்கிப் பாய்கிறது என்றார். எல்லாப் படத்துக்கும் ஒரே கதை என்றார். இவற்றைப் பார்த்துச் சிரிக்கவே நாம் அந்தப் படங்களைத் தேடிப் போகிறோம் என்று முடித்தார். அவர் சுட்டிய குறைகளுள் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குறைகளே ஈர்ப்புக்குக் காரணம் என்றால், ஹாங்காங்கில் 1976க்கும் 1978க்கும் இடையில் நடந்த ஒன்றுக்கு எதிரணி விளக்கம் சொல்லியாக வேண்டும்.

1973 ஜூலை 20ஆம் நாள் புரூஸ் லீ மறைந்தார். அவருடைய இடத்தை நிரப்ப ஹாங்காங் தயாரிப்பாளர்கள் ஆள் தேடி அலைந்தார்கள். இயக்குநர் லோ வெய், ஜாக்கி சான் என்ற இளைஞரைப் பிடித்து, புரூஸ் லீயைப் போலவே முறைக்கவும் பழிவாங்கவும் வைத்து 1976இல் ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ என்ற படத்தை எடுத்தார். அது ஓடவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் பெரிதாக எடுபடவில்லை. 1978இல் சீசனல் ஃபிலிம் என்ற சிறிய நிறுவனத்தின் இங் சீ-யூன் அதே இளைஞரை இரண்டு படங்களுக்கு இரவல் வாங்கி, அதுவரை சண்டை அமைப்பாளராக இருந்து அப்போதுதான் முதன்முதலாக இயக்க வந்த யுவென் வூ-பிங்கின் கையில் ஒப்படைத்தார். ‘ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’, ‘ட்ரங்கன் மாஸ்டர்’ ஆகிய அந்த இரண்டு படங்களும் ஒரே ஆண்டில் வெளிவந்து பெருவெற்றி பெற்றன. ஜாக்கி சான் நட்சத்திரமானார்.

நடுவர் அவர்களே, ஓடாத படங்களிலும் ஒட்டுத் தாடி இருந்தது, பாயும் கேமரா இருந்தது, உதட்டோடு ஒட்டாத வசனம் இருந்தது. ஓடிய படங்களிலும் அவை எல்லாம் அப்படியே இருந்தன. ஆளும் அதே ஆள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் ஒரு பொருள், ஒரு பக்கம் மட்டும் தட்டு தாழ்ந்ததற்குக் காரணமாக இருக்க முடியுமா? அந்த இளைஞரின் உடல் சிறு வயது முதல் எதற்காகப் பழக்கப்பட்டிருந்ததோ அந்த வேலையை 1978இல்தான் அதற்குக் கொடுத்தார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஜாக்கி சான் தம் 7ஆம் வயதில், 1961இல், ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவென் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டுப் பத்தாண்டுகள் அங்கேயே தங்கிப் பயின்றவர். பின்னாளில் நட்சத்திரங்களான சம்மோ ஹங்கும் யுவென் பியாவும் அவருடன் அங்கே அடிபட்டு வளர்ந்தவர்கள்தாம். அந்தப் பள்ளியில் பாட்டும், குட்டிக்கரணமும், ஆயுதப் பயிற்சியும், முகபாவமும் ஒரே கல்வியின் பகுதிகளாக இருந்தன. பீக்கிங் இசைநாடகத்தில் மூக்கின் மேல் வெள்ளைத் திட்டுப் பூசிக்கொண்டு வரும் கோமாளிக்கென்று தனி வேடம் உண்டு; அதிலும் சண்டையிடும் கோமாளி என்று ஒரு பிரிவே உண்டு. ‘முச்சந்தி’ என்று பொருள்படும் ஒரு புகழ்பெற்ற நாடகக் காட்சியில், இருவர் கும்மிருட்டில் ஒரு மேசையைச் சுற்றி ஒருவரையொருவர் தேடிச் சண்டையிடுவார்கள். மேடையில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். இருட்டு, நடிகர்களின் உடலில் மட்டுமே இருக்கும். ஒருவரின் வாள் மற்றவரின் தலைக்கு மேல் நூலிழை இடைவெளியில் கடந்து போகும்போது பார்ப்பவர்கள் மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள், சிரிக்கவும் சிரிக்கிறார்கள். குங்ஃபூ நகைச்சுவைப் படத்தின் தாய்வீடு அந்த மேசையடிதான் என்பது என் உறுதியான கருத்து. 1975இலேயே இயக்குநர் லாவ் கார்-லியுங் ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காகச் சண்டையையும் நகைச்சுவையையும் இணைத்துப் பார்த்திருந்தார் என்றாலும், அந்தக் கோமாளி மரபு திரைக்கு முழு உருவில் வந்து சேர்ந்தது 1978இல்தான்.

இனி, பணமின்மையைப் பற்றி. ‘செலவு செய்ய வழியில்லை, அதனால் மலிவாகத் தெரிகிறது, அதனால் சிரிப்பு வருகிறது’ என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். பணம் இல்லாததால் அவர்கள் எதை எடுத்து வைத்துச் சமாளித்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. ஷா பிரதர்ஸுக்கு கிளியர்வாட்டர் பே பகுதியில் நகரம் போன்ற படப்பிடிப்பு வளாகம் இருந்தது. சிறு தயாரிப்பாளர்களோ புறநகர்ப் புல்வெளிகளிலும் வாடகை அரங்குகளிலும் படமெடுத்தார்கள். கைக்குக் கிடைத்தவை ஒரு மரப் பெஞ்சு, ஒரு வாளி, சில கோப்பைகள், ஒரு சோற்றுக் கிண்ணம். ‘ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’ படத்தில், குங்ஃபூ பள்ளியில் தரை துடைக்கும் அநாதைப் பையனிடமிருந்து ஒரு கிழவர் கிண்ணத்தைப் பிடுங்க, அவன் அதைத் திரும்பப் பிடுங்க முயல்கிறான். அந்தப் பிடுங்கலே பாடமாகிறது. ‘ட்ரங்கன் மாஸ்டர்’ படத்தில் மாணவன் தலைகீழாகத் தொங்கியபடி, கீழே உள்ள வாளியிலிருந்து சிறு கோப்பைகளால் தண்ணீர் மொண்டு, வயிற்றை மடித்து எழுந்து, மேலே உள்ள வாளியில் ஊற்றுகிறான். அதில் தந்திரக் காட்சி என்று எதுவும் இல்லை. வலிக்கும் வயிறு நமக்குத் தெரிகிறது, சிந்தும் தண்ணீர் தெரிகிறது, பையனின் முகத்தில் வரும் எரிச்சல் தெரிகிறது. அந்தக் காட்சியில் எனக்கு வரும் சிரிப்பில் ஏளனத்துக்கு இடமே இல்லை. கஷ்டப்படுகிற ஒருவனோடு சேர்ந்து வரும் சிரிப்பு அது.

முதல் படத்தில் அந்தக் கிழவராகவும் ‘ட்ரங்கன் மாஸ்டர்’ படத்தில் குடிகாரக் குருவாகவும் நடித்த யுவென் சியு-தியன், இயக்குநர் யுவென் வூ-பிங்கின் சொந்தத் தந்தை. இசைநாடகத்திலும் சண்டைக் காட்சிகளிலும் வாழ்நாளைக் கழித்துவிட்டு, 60 வயதைக் கடந்த பிறகு உலகறிந்த முகமானவர். சிகப்பு மூக்கும் கிழிந்த உடையுமாக அவர் தள்ளாடி நடக்கும் நடையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தள்ளாட்டம்போல் தோன்றும் ஒவ்வோர் அடியும் சரியான இடத்தில்தான் விழுகிறது.

வேகக் கேமராவைப் பற்றியும் சொன்னார்கள். நொடிக்கு 24 படச்சட்டங்களுக்குப் பதிலாகச் சற்றுக் குறைவாகப் பதிவுசெய்து, திரையில் ஓட்டும்போது சண்டையை விரைவாகக் காட்டுவது அக்காலத்து வழக்கம், உண்மைதான். ஆனால் கேமராவால் வேகத்தைத்தான் கூட்ட முடியும், தாளத்தைக் கொடுக்க முடியாது. ஐந்து அடி, ஒரு நிறுத்தம், ஒரு பார்வை, மீண்டும் மூன்று அடி என்று அந்தச் சண்டைகள் போவதை, ஜதிக்கு அடவு பிடிப்பதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இசைநாடக மேடையின் மேளத்துக்கு ஆடிப் பழகிய கால்கள் அவை.

உதட்டசைவு விலகுவதற்கும் எளிய காரணம் உண்டு. அன்றைய ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு இல்லாமல் எடுக்கப்பட்டு, பிறகு மாண்டரின், கான்டனீஸ் ஆகிய சீன மொழிகளில் ஒன்றில் டப்பிங் செய்யப்பட்டவை. ஹாங்காங்காரர்கள் தங்கள் ஊரில் பார்த்த பிரதியிலேயே உதடு முழுதாகப் பொருந்தியிருக்காது. அவர்கள் அதற்காகவா திரையரங்குக்குப் போனார்கள்? தமிழ் பேசும் ஜாக்கி சானைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அவருடைய உதட்டைக் கவனித்ததில்லை, கைகளைத்தான் கவனித்தார்கள்.

எதிரணியின் வாதத்தை முற்றிலும் மறுக்கும் காட்சி என்று நான் கருதுவது, யுவென் வூ-பிங் 1979இல் இயக்கிய ‘மேக்னிஃபிசென்ட் புட்சர்’ படத்தில் இருக்கிறது. 1949 முதல் வோங் ஃபெய்-ஹுங் என்ற, தென்சீனாவின் கான்டன் பகுதி வீரரின் வேடத்தைப் படம்படமாக ஏற்று, அந்தப் பெயருக்கே கண்ணியத்தின் முகமாகிப்போன குவான் டக்-ஹிங், 70 வயதைக் கடந்த நிலையில் இதில் மீண்டும் அதே வேடத்தில் வருகிறார். அவர் தூரிகையால் எழுத்தோவியம் எழுத முற்படுகிறார். எதிரி அவரை எழுதவிடாமல் தாக்குகிறான். தாக்குதலைத் தடுக்கும் அசைவும் எழுத்தின் கோடும் ஒன்றோடொன்று பின்னிச் செல்கின்றன. சண்டை ஓயும்போது எழுத்து முடிந்திருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டவை தூரிகையும், காகிதமும், மையும், வாழ்நாள் பயிற்சியுடைய ஒரு முதியவரும் மட்டுமே. இந்தக் காட்சியில் சிரித்துத் தள்ளுவதற்கு எந்தக் குறை இருக்கிறது என்று எதிரணித் தலைவர் தம் நிறைவுரையில் எனக்குச் சொல்ல வேண்டும்.

‘ஒரே கதை’ என்ற குற்றச்சாட்டு மிஞ்சியிருக்கிறது. குரு, பயிற்சி, தோல்வி, மறு பயிற்சி, வெற்றி என்ற சட்டகம் மாறுவதில்லை என்பது உண்மையே. அதற்குள் என்ன செய்தார்கள் என்பதற்கு ‘ட்ரங்கன் மாஸ்டர்’ போதும். குவான் டக்-ஹிங்கால் போற்றுதலுக்குரியவராக நிலைநிறுத்தப்பட்ட அதே வோங் ஃபெய்-ஹுங்கை, அடங்காத குறும்புக்காரப் பிள்ளையாக மாற்றினார்கள். அந்தப் பிள்ளை, சீனத் தொன்மத்தில் வரும் எட்டு தேவர்களைக் குடிகாரர்களாகக் கொண்ட சண்டை முறைகளில் ஏழைக் கற்கிறான். எட்டாவது பெண் தேவதையினுடையது என்பதால் வெட்கப்பட்டுக் கற்காமல் விடுகிறான். கடைசிச் சண்டையில் எதிரில் நிற்பவர் ஹ்வாங் ஜாங்-லீ, டேக்வாண்டோவில் தேர்ந்த கொரிய வீரர், அவருடைய உதைகளை எதிர்கொள்வது எளிதன்று. ஏழு முறைகளும் போதாமல் போகும்போது, கற்காத எட்டாவதை அவன் அங்கேயே தானாக உருவாக்க வேண்டியிருக்கிறது. இடுப்பை நெளித்து, முகத்துக்கு ஒப்பனை செய்துகொள்ளும் பாவனையில் கைகளை ஏந்தி அவன் முன்னேறும்போது நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். அந்தப் பாவனைக் கையே அடுத்த கணம் எதிரியின் மேல் அடியாக இறங்குகிறது. சிரிக்க வைத்த அசைவும் வீழ்த்திய அசைவும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்தக் கையை உருவாக்கப் பத்தாண்டுகள் ஆயின, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.