திரைக்குப் பின்னால் ஒலித்த டிராம்போன்

நேயர்களுக்கு வணக்கம்.

1980ஆம் ஆண்டு, ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு, டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் தன் முதன்மைக் கலைஞருக்காக நடத்திய தேர்வுக்கு 33 பேர் வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் குழுவினருக்குத் தெரிந்தவரின் மகன் என்பதால், வாசிப்பவரின் முகம் தெரியாதபடி அன்று திரை கட்டியிருந்தார்கள். 16ஆவது ஆள் வாசித்து முடித்ததும், இவரே போதும் என்று மீதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரையை விலக்கி வந்தவர் அபி கோனன்ட் என்ற பெண். அழைப்புக் கடிதத்திலோ அவரைத் ‘திரு’ என்றே விளித்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த பிறகு, உடல் வலிமை போதாது என்று அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். அவர் தம் நுரையீரலைச் சோதித்துச் சான்று பெற்று நீதிமன்றத்தில் வழக்காடி, சம ஊதியம் உட்பட முழுமையாக வெல்ல 1993 வரை ஆயிற்று.

அமெரிக்காவின் ஐந்து பெரிய இசைக்குழுக்களில் 1970இல் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 1997இல் அது கால்பங்கானது. அதற்குத் திரையும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. குதிகால் செருப்பின் ஓசை காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையில் கம்பளம் விரித்த குழுக்களும் உண்டு.

ஆனால் உள்ளூர் இசைக்களத்தில் திரையும் இல்லை, தேர்வும் இல்லை. ஏற்பாட்டாளரின் கைபேசியில் யார் எண் இருக்கிறதோ அவருக்கே அழைப்பு போகிறது. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களைச் சொல்ல, அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் பெண்களும், திருநரும், ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களும் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் கணக்கில் வருவதில்லை. இதைச் சரிசெய்கிறோம் என்று ஆண்டுக்கு ஒருமுறை ‘சிறப்பு நிகழ்ச்சி’ வைப்பதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. மறுநாளே பழைய பட்டியல் திரும்பிவிடுகிறது. வாய்ப்புக்கு விண்ணப்பிக்கும் வழியை எல்லோருக்கும் அறிவித்து, சாதாரண நாளின் நல்ல நேரத்தையும் அதே சம்பளத்தையும் தருவதுதான் பயன் தரும். ஒலிச் சோதனையின்போது கிதாரோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து, “பாடுபவர் நீங்கள்தானே?” என்று கேட்கும் பழக்கம் போக வேண்டுமானால், ஒலிக்கருவியை இயக்கும் மேசையிலும் பெண்கள் உட்கார வேண்டும்.

சேர்ந்திசைக் குழுக்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. விண்ணப்பப் படிவத்தில் ‘ஆண் குரல், பெண் குரல்’ என்று இரண்டே கட்டங்கள் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்துக்கொள்ளும் திருநம்பியின் குரல்நாண்கள் தடித்து, மாதக்கணக்கில் குரல் உடைந்து கீழே இறங்கும். வளர்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுத்துக்கொள்ளும் திருநங்கைக்கோ அந்த மருந்தால் குரல் மேலே ஏறுவதில்லை. எனவே ஆழ்ந்த கீழ்க்குரலில் பாடும் திருநங்கையும் உண்டு, அவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை சிரமமின்றிப் பாட முடியும் என்று கேட்டுவிட்டால், இசையமைப்பாளருக்கு வேண்டிய விடையும் கிடைத்துவிடும், ஒருவரும் வாசலிலேயே திரும்பிப் போகவும் மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாம் யார் என்பது வெளியே தெரிய வருவது எல்லோருக்கும் ஒரேபோல் நன்மையாக முடிவதில்லை. சுவரொட்டியில் படம் வந்தால் வீட்டில் பிரச்சினை, நிகழ்ச்சி முடிந்து இரவில் தனியே திரும்பினால் தெருவில் பிரச்சினை என்ற நிலையில் இருப்பவரிடம் கேட்காமல், “நம் குழுவின் முதல் திருநர் கலைஞர்” என்று பெருமையாக அறிவிப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. அறிவிப்பாளர் நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொருவரிடமும், எந்தப் பெயரில், எப்படி அறிமுகம் செய்யலாம் என்று கேட்டு, சொன்னதை அட்டையில் எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். “பெயரும் வாத்தியமும் மட்டும் சொல்லுங்கள்” என்று ஒருவர் சொன்னால், அட்டையில் அவ்வளவுதான் இருக்க வேண்டும்.