ஆண் செடியையும் விட்டுவையுங்கள்

வணக்கம் நேயர்களே. லடாக்கிலிருந்து வரும் ஆரஞ்சு நிறப் பழச்சாறு ஒன்று தில்லிக் கடைகளில் கிடைக்கிறது. சீ பக்தார்ன் பழத்தின் சாறு. வைட்டமின் சி ஏராளம் என்று கரோல் பாக், ஆர்.கே. புரம் பக்கத் தமிழ்க் குடும்பங்களும் வாங்குகிறார்கள். நல்ல விஷயம். நான் பேச விரும்புவது அந்தப் பழம் காய்க்கும் முட்செடியைப் பற்றி.

சிந்து, நுப்ரா ஆற்றங்கரைகளில் அது புதர் புதராக நிற்கிறது. மழை அபூர்வம், குளிரோ கொடுமை, மண் வெறும் மணலும் கூழாங்கல்லும். அங்கே அது பிழைப்பதற்குக் காரணம் வேர்தான். பிராங்கியா என்ற பாக்டீரியா வேர் முடிச்சுகளில் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. அவரையும் துவரையும் ரைசோபியம் என்ற வேறொரு பாக்டீரியாவை வைத்துச் செய்துகொள்வதைத்தான் இதுவும் செய்கிறது. இத்தனைக்கும் இது அந்தக் குடும்பமே இல்லை! பக்கவாட்டில் ஓடும் வேர்கள் மண்ணையும் இறுகப் பிடிக்கும். சீனாவில் மஞ்சள் ஆற்றுப் பகுதியில் மண்ணரிப்பைத் தடுக்க இதைப் பெருமளவில் நட்டிருக்கிறார்கள். லடாக்கில் இதன் முட்கிளைகள்தான் வயலுக்கு வேலி.

சொந்தக்காரர்கள் நமக்கு அருகிலும் உண்டு. நீலகிரிச் சோலைக்காடுகளில் படரும் எலியாக்னஸ் என்ற செடி இதே குடும்பம். இலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளியாக மினுங்கும். மேகாலயாவில் உப்பு தொட்டுச் சாப்பிடும் சோ ஷாங் பழமும், ஆப்கானியர்கள் நவ்ரோஸ் புத்தாண்டுக்கு ஊறவைக்கும் ஏழு வகை உலர்பழங்களில் ஒன்றான சஞ்சித்தும் எலியாக்னஸ்தான். லாஜ்பத் நகரில் ஆப்கானிய நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நம் இலந்தைகூட சற்றுத் தள்ளிய உறவு.

அப்புறம், முக்கியமான ஒன்று. சீ பக்தார்னில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும்வரை எது எதுவென்று பார்த்துச் சொல்வது கடினம். அதற்குச் சில வருடங்கள் ஆகும். மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பது காற்று. காய்க்காத செடி வீண் என்று ஆணையெல்லாம் வெட்டினால், பெண் செடியும் காய்க்காது.

பறிப்பதும் லேசான வேலை இல்லை. பழம் கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சுற்றிலும் முள். அதனால் கிளையோடு வெட்டிவிடத் தோன்றும். ஆனால் பழம் பிடிப்பது முந்தைய வருடம் வளர்ந்த கிளையில். வெட்டிய இடத்தில் அடுத்த வருடம் பழம் இருக்காது. கீழே துணி விரித்துக் கிளையைத் தட்டி உதிர்ப்பது எவ்வளவோ மேல். சாறு வாங்கும்போது, பழத்தை எப்படிப் பறித்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் அந்தக் கேள்வி லே வரை போய்ச் சேரும். நன்றி, வணக்கம்.