விற்றவர் யாரைக் கேட்டு விற்றார்?

(பட்டிமன்றத் தலைப்பு: துறைமுகம் இருக்க வேண்டியது தனியார் கையிலா, ஊரார் கையிலா? ‘ஊரார் கையிலே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மீன் விற்று முடித்துக் கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு வசனம் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். ‘ஊர் கூடித் தேர் இழுக்கலாம், கப்பல் இழுக்க முடியாது. கப்பலுக்குப் பணம் வேண்டும், கிரேன் வேண்டும், தூர்வார வேண்டும்’ என்றார். நானும் தட்டினேன். நல்ல வசனத்துக்குத் தட்டாமல் இருக்கக்கூடாது. ஆனால் ஐயா, தேரை நிலைக்குக் கொண்டுவந்து விட்டதும் ஒருவர் எழுந்து, ‘இந்தத் தேரை 1,950 கோடிக்குப் பேசி முடித்துவிட்டேன், நாளையிலிருந்து சாவி வேறு ஆளிடம்’ என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா?

1,950 கோடி என்பது என் வாயில் வந்த தொகை இல்லை. நம் வடசென்னைக் கரையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைக் கட்டியது எல் அண்ட் டி. 2018-இல் அதன் 97 சதவீதப் பங்கு அதானி கைக்குப் போனது. அப்போது பேசிய விலை அது. துறைமுகம் ஓடத் தொடங்கி அஞ்சாறு வருடம்தான் ஆகியிருந்தது. அதில் சட்டத் தப்பு ஏதும் இல்லை. சொத்து அவர்களுடையது, விற்றார்கள், வாங்கினார்கள். என் வழக்கே அதுதான். தனியார் சொத்து என்றால் விற்கத்தான் செய்வார்கள்.

அந்த இடத்தில் காட்டுப்பள்ளிக் குப்பம் என்று ஒரு மீனவர் ஊர் இருந்தது. துறைமுகத்துக்காக ஊரையே பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். பதிலுக்கு வேலை என்று பேச்சு. அந்த வேலையை நிரந்தரமாக்கு என்று அந்த மக்கள் போராடியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இப்போது சொல்லுங்கள், வாக்குக் கொடுக்கும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒருவர், கேட்கப் போகும்போது உட்கார்ந்திருப்பவர் வேறொருவர் என்றால் யார் சட்டையைப் பிடிப்பது? நிலமும் கடலும் கைமாறிவிடும். ஊர் மட்டும் பதில் சொல்ல ஆளில்லாமல் நிற்கும்.

விரிவாக்கத் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்க வேண்டும், வருடத்துக்கு 320 மில்லியன் டன் சரக்கு கையாள வேண்டும், செலவு ஏறத்தாழ 53,000 கோடி. அந்த ஏக்கரில் ஒரு பங்கு கடலைத் தூர்த்து எடுப்பது. பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி. கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரிக்கு அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பருக்கு அறிவித்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள். அந்தக் கூட்டம் நடந்தாலும் பெயரைக் கவனியுங்கள்: கருத்துக்கேட்பு. கேட்பார்கள். அவ்வளவுதான்.

‘ஊர் துறைமுகம் நடத்திய கதை உலகத்தில் எங்கே இருக்கிறது?’ என்று எதிரணித் தலைவர் கேட்டார். இங்கிலாந்துக்குப் போவோம், டிக்கெட் செலவு இல்லாமல்.

டோவர் என்று ஒரு சின்ன ஊர். எதிர்க்கரையில் பிரான்ஸ். வானம் தெளிந்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே தெரியும். 1606-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சாசனம் கொடுத்து அந்தத் துறைமுகத்தை ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தார். பங்குதாரர் கிடையாது, லாப ஈவு கிடையாது. வருகிற மிச்சத்தைத் துறைமுகத்திலேயே போட வேண்டும். நானூறு வருடம் அப்படியே ஓடியது. ஐரோப்பாவுக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டி நிற்கிற துறைமுகம் ஐயா அது, ஓடத்துறை இல்லை.

2010-இல் அந்த வாரியமே தனியாருக்கு விற்கிறேன் என்று அரசுக்கு மனுப் போட்டது. அதுவும் சட்டப்படிதான். 1991-இல் வந்த துறைமுகச் சட்டம் அதற்குக் கதவு திறந்து வைத்திருந்தது. ஊர் கொதித்தது. பிரெஞ்சுக்காரன் வாங்கிவிடுவான் என்ற பேச்சும் எழுந்தது. அதில் பழைய பகையும் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் கூச்சலோடு நிற்கவில்லை அவர்கள். மக்கள் துறைமுக அறக்கட்டளை என்று ஒன்றை அமைத்து, ‘விற்பதானால் எங்களுக்கு விலை சொல்லுங்கள், ஊர் வாங்கிக்கொள்ளும்’ என்றார்கள். உலகப் போர் காலத்துப் பாடகி வேரா லின் அம்மையார் தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர்கள் பக்கம் நின்றார். 2011 மார்ச்சில் ஊருக்குள் வாக்கெடுப்பு. வந்து வாக்களித்தவர்களில் 97 சதவீதத்துக்கு மேல், ‘தனியாருக்கு வேண்டாம், ஊருக்கு வேண்டும்’ என்று குத்தினார்கள். 2012 டிசம்பரில் அரசு விற்பனையை மறுத்தது.

எதிரணியில் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. ‘ஊர் வாங்கியதா?’ என்று கேட்க நினைக்கிறார். இல்லை, வாங்கவில்லை. பழைய வாரியமே தொடர்கிறது, துறைமுகம் பங்குதாரர் இல்லாமலே ஓடுகிறது. ஊர் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் விற்பனை நின்றது.

நிற்காமல் போயிருந்தால்? அதற்கும் தூரம் போக வேண்டாம், அதே கென்ட் மாவட்டத்தில் மெட்வே துறைமுகம். 1992-இல் நிர்வாகிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து வாங்கட்டும் என்று 2.97 கோடி பவுண்டுக்குக் கொடுத்தார்கள். கேட்க எவ்வளவு இனிப்பு பாருங்கள், தொழிலாளியே முதலாளி. அப்புறம் துறைமுகத் தொழிலாளிகள் பலரை வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும்போது உன் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள், பங்கு ஒன்றுக்கு இரண்டரை பவுண்டு. 1993-இல் மெர்சி துறைமுகக் கம்பெனி வந்து மொத்தத்தையும் 10.37 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அப்போது அதே பங்கு ஒன்றுக்கு 37 பவுண்டு 25 பென்ஸ். இரண்டரைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தத் தொழிலாளி காலையில் பேப்பரைப் பிரித்திருப்பான் இல்லையா? அவன் முகத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் ராட்டர்டாம். அதன் பங்கில் ஏறத்தாழ 70 சதவீதம் அந்த நகராட்சியுடையது, மீதி நெதர்லாந்து அரசுடையது. கிரேனும் கன்டெய்னர் முனையமும் தனியார் கம்பெனிகள் நடத்துகின்றன. நடத்தட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலமும் நீரும் ஊர் பேரில், தொழில் குத்தகைக்கு. குத்தகைக்காரர் சரியில்லை என்றால் காலம் முடிந்ததும் மாற்றலாம். சொந்தக்காரரை எப்படி மாற்றுவீர்கள்?

‘ஊருக்கு அந்தப் பக்குவம் இருக்கிறதா?’ என்பது எதிரணித் தலைவருடைய கடைசிக் கேள்வி. முன்வரிசை அம்மாமார்கள் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இறால் ஓடுகிற நல்ல நீரோட்டம் ஏரியில் சில இடங்களில்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் தலைக்கட்டுக் கணக்கு எடுத்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உனக்குக் கூடை நிறைய விழுந்தாலும் நாளைக்கு அந்த இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். கப்பல் எந்த பெர்த்தில் எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது இதைவிடப் பெரிய வித்தையா?

இந்தப் பாடு முறையிலும் குறை இருக்கிறது. குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சாதி, அதிலும் ஆண்கள் பேரில்தான் முறை. கையால் தடவி இறால் பிடிக்கிற இருளருக்கு அதில் சீட்டு இல்லை. ஆகவே ஊர் என்று நான் சொன்னால் பஞ்சாயத்தில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் நாலு பெரிய தலைகளைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடை தூக்குகிறவரும் அதில் பங்குக்காரர். எழுதும்போதே அவர் பேரையும் எழுத வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றால் எழுத மாட்டார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணன் அந்நிய முதலீடு, ஏற்றுமதி எல்லாம் தாராளமாகப் பேசட்டும். ஆனால் தொடங்கும் முன் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடட்டும்: 2018-இல் 97 சதவீதம் கைமாறியதற்கு முந்தின நாள், இடம்பெயர்ந்த அந்தக் குப்பத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி, யார் சம்மதம் கேட்டார்கள்?