புரோட்டானும் நியூட்ரானும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன?

சரி, அடுத்த கேள்வி. புரோட்டானும் நியூட்ரானும் குவார்க் என்ற நுண்துகள்கள் மும்மூன்றால் ஆனவை: புரோட்டானில் இரண்டு அப், ஒரு டவுன், நியூட்ரானில் ஒரு அப், இரண்டு டவுன். டவுன் குவார்க்கின் நிறை அப் குவார்க்கைப் போல இரண்டு மடங்கு என்கிறார்கள், அப்புறம் எப்படிப் புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே நிறையில் இருக்கின்றன, இந்தச் சமச்சீர்மை எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விகிதத்தைப் பார்த்தால் குழப்பம்தான் வரும், வித்தியாசத்தைப் பாருங்கள். அப் சுமார் 2 எம்இவி (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு), டவுன் சுமார் 5. புரோட்டானோ 938. மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினாலும் அதில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும், மீதி எல்லாம் உள்ளே ஓயாமல் இயங்கும் குவார்க்குகள், அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்கள் ஆகியவற்றின் ஆற்றல். குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை ‘நிறம்’ என்ற பண்பை (மின்னூட்டம் போன்ற ஒன்று, கண்ணால் காணும் நிறமல்ல) மட்டும்தான் பார்க்கும், எது அப், எது டவுன் என்று அதற்குத் தெரியாது. அதனால் அந்த 3 எம்இவி வித்தியாசம் இருக்குமிடம் தெரியாமல் போய்விடுகிறது. 1932இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் இந்தச் சமச்சீர்மையைக் கண்டபோது குவார்க் என்ற எண்ணமே கிடையாது. இயற்கை அடித்தளத்திலேயே போட்டு வைத்த விதி போலத் தெரிந்தது, உண்மையில் இரண்டு குவார்க்குகளும் மிக லேசாக இருப்பதால் கிடைத்த பலன் அது.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது இதன் மறுமுனை. சார்ம், பாட்டம் என்று இரண்டு கனமான குவார்க் வகைகள் உண்டு. சார்ம் சுமார் 1,270 எம்இவி, பாட்டம் சுமார் 4,180. நிறையில் ஒட்டே இல்லை, இருந்தும் இவற்றுக்கு இடையிலும் ஒரு சமச்சீர்மை உருவெடுக்கிறது! ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்தான் மேசான். அதற்குள் கனமான குவார்க் அசையாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும், சுற்றியிருக்கும் லேசான குவார்க்குக்கு நடுவில் நிறம் இருப்பது மட்டும்தான் தெரியும், அதன் எடை தெரியாது, அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதும் அநேகமாகத் தெரியாது. ஹைட்ரஜனும் அதன் கனமான வடிவமான டியூட்டீரியமும் வேதியியலில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்வது போலத்தான், எலக்ட்ரானுக்கு அணுக்கருவின் எடை பொருட்டே இல்லை. இயற்பியலாளர்கள் இஸ்கர், வைஸ் இருவரும் 1989 வாக்கில் இதைத் தெளிவாக வகுத்தார்கள். கோட்பாட்டின் மூலச் சமன்பாட்டில் தேடினால் இந்தச் சமச்சீர்மை கிடைக்காது, நிறை மிகப் பெரிதாகும் எல்லையில்தான் தலைகாட்டும்.

நம்பலாமா என்றால், அளந்தே பார்க்கலாம். கனமான குவார்க்கின் சுழற்சியைத் திருப்பி வைத்தால் மேசானின் நிறை கொஞ்சம் மாறும், அந்த மாற்றம் குவார்க்கின் எடை கூடக்கூடக் குறைய வேண்டும். சார்ம் உள்ள டி மேசானில் அது சுமார் 140 எம்இவி, பாட்டம் உள்ள பி மேசானில் சுமார் 45. மூன்று மடங்கு குறைவு. பாட்டம் குவார்க்கும் சார்மைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான எடைதான்.