பாலாறும் பக்கத்துக் கிணறும்

அவையோருக்கு வணக்கம்.

பாலாற்றைச் செத்த ஆறு என்கிறோம். ஆனால் அந்த மணலில் ஊற்றுக்கால், அதாவது ஊறிவரும் நீரைக் கொண்டுபோகும் வாய்க்கால், வெட்டித்தான் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஆற்றுநீர் வேறு, நிலத்தடி நீர் வேறு என்ற பிரிவினை கோப்புகளில் பிறந்தது.

கரையோரத்தில் ஓர் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஓடுகிறது. முதலில் சுற்றியுள்ள மணலின் நீரை எடுக்கும். இறைப்பால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் தாழ்ந்து உண்டாகும் பள்ளம் விரிந்து ஆற்றை எட்டினால், ஆற்றுக்குக் கசிய வேண்டியதும் கிணற்றுக்குப் போய்விடும். அதற்கு எத்தனை நாள்? ஆற்றுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தைத் தேக்கக் கெழுவால் (மணல் தன் பருமனில் எத்தனை பங்கு நீரை விட்டுக்கொடுக்கும் என்ற எண்) பெருக்கி, நீர்கடத்து திறனால் (அந்த மணலடுக்கு எவ்வளவு எளிதாக நீரைக் கடத்தும் என்ற அளவு) வகுக்க வேண்டும். தூரம் 500 மீட்டர், தேக்கக் கெழு 0.1, கடத்து திறன் நாளுக்கு 500 சதுர மீட்டர் என்றால் 50 நாள். ஆற்றில் ஓட்டம் இருந்தால், 50ஆம் நாளில் இறைக்கும் நீரில் ஏறத்தாழப் பாதி ஆற்றுடையது. தூரம் இரட்டித்தால் நாள் நான்கு மடங்கு, அதாவது 200. மோட்டாரை நிறுத்தினாலும் பள்ளம் நிரம்பும்வரை ஆறு இழந்துகொண்டே இருக்கும். மாசியில் இறைத்ததற்கு ஆனியில்கூட ஆறு வட்டி கட்டும்.

நீர்மட்டம் படுகைக்கு வெகு கீழே போய்விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. பாலாற்றின் பல இடங்களில் நிலைமை அதுதான். வெள்ளம் வந்தாலும் முதலில் அந்தக் குழியை நிரப்பியாக வேண்டும்.

நீர் ஆற்றிலிருந்து கிணற்றுக்குப் போகிறதா, கிணற்றுப் பக்கமிருந்து ஆற்றுக்கு வருகிறதா என்று அளக்கப் போகிறவர்கள் அதிகம் தவறுவது உயரத்தில். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நீர்மட்ட வேறுபாடு அரை மீட்டர்தான் இருக்கும். கைப்பேசி காட்டும் உயரத்திலோ பல மீட்டர் பிழை. கிணற்று வாயையும் ஆற்று அளவுகோலையும் ஒரே மட்டக்குறியிலிருந்து (உயரத்துக்கு ஆதாரமாக வைத்த நிலையான குறி) மட்டக்கருவி வைத்து இணையுங்கள். இரவு முழுக்க மோட்டார் ஓடாத கிணற்றை விடியற்காலையில் அளந்து பாருங்கள். மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊரில் இது லேசில் வாய்க்காது. ஆறு இழந்தது எவ்வளவு என்று அறிய ஓட்டத்தை இரண்டு இடங்களில் அளந்து கழிக்கும்போதும் கவனம் தேவை. ஓட்டம் வினாடிக்கு 10 கன மீட்டர், அளவீட்டுப் பிழை 5 சதவீதம் என்றால், 0.3 கன மீட்டர் இழப்பு அதற்குள்ளேயே மறைந்துவிடும்.

இனி தரம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் கழிவு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விவகாரம். குரோமியம் பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பு ஒட்டாது, நீர் போகும் திசையில் போகும். இறைப்பு அந்தத் திசையைத் திருப்பினால் படுகையின் உப்பு கிணற்றுக்கு வரும். அந்த நீரைப் பாய்ச்சினால் நீர் ஆவியாகும், உப்பு மட்டும் மறுபடி கீழே இறங்கும். நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்ற மின்கடத்து திறனை, சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில் அளந்து 0.64ஆல் பெருக்கினால் கரைந்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராமில், தோராயமாகக் கிடைக்கும். 3,000 காட்டினால் 1,900 சொச்சம். வேறு ஆதாரமே இல்லாதபோது குடிநீருக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு 2,000. வாளியில் மேலாக மொண்ட நீரை நம்பாதீர்கள், உப்பு கனத்தால் அடியில் தங்கும். மோட்டாரை ஓட்டி, கருவியின் எண் அசையாமல் நின்ற பிறகு புட்டியை நிரப்புங்கள்.