வேருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

நேயர்களுக்கு வணக்கம்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் இருந்தும் பயிர் பட்டினி கிடப்பதுண்டு. அந்தச் சத்து அவ்வளவாக நகராது. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் மண்ணில் உள்ளதை வேர் உறிஞ்சிவிட்டால், பிறகு அங்கே எதுவும் மிஞ்சாது. வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தின் இழைகளோ அதைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய்ச் சத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

அழைப்பு விடுப்பது செடிதான். மணிச்சத்து குறைந்ததும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். அது பட்டதும் பூஞ்சை இழை கிளைவிட்டு வேரை நாடி வரும். (பயிரின் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களையின் விதை முளைப்பதும் இதே கசிவை உணர்ந்துதான்!) வேரின் புறணிச் செல்லுக்குள் (வேர்த்தோலுக்கு அடுத்த அடுக்கில் உள்ள செல்லுக்குள்) இழை நுழைந்து கொத்தாகக் கிளைக்கும்போது செல்சுவர் மட்டுமே துளைபடும், உள்சவ்வு கிழியாமல் ஒவ்வொரு கிளையையும் போர்த்திக்கொள்ளும். பரிமாற்றம் முழுவதும் அந்தச் சவ்வின் வழியாகத்தான். இந்தக் கிளைக்கொத்து சில நாள்களே உயிரோடிருக்கும். பிறகு செல் அதைச் செரித்துவிட்டு அடுத்ததற்கு இடம் தரும்.

கூலியும் குறைவல்ல. ஒளிச்சேர்க்கையில் செடி சேர்த்த கரிமத்தில் 20 சதவீதம் வரை சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் பூஞ்சைக்குப் போகலாம். கொழுப்பு அமிலத்தைத் தானே உருவாக்கும் திறன் இந்தப் பூஞ்சைக்கு இல்லை. செடிதான் ஊட்டுகிறது என்பது 2017-இல் உறுதியானது. உயிருள்ள வேர் இல்லாமல் இதை வளர்க்க முடியாததற்கு முக்கியக் காரணமும் அதுதான்.

ஆகவே மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட நிலத்தில் உட்பூசணம் இட்டுப் பயனில்லை. செடிக்குத் தேவை இல்லை, அழைப்பும் இல்லை. உழவு அடிக்கடி நடந்தால் இழைவலை அறுந்துபோகும். முட்டைக்கோஸ், கடுகு, பீட்ரூட் ஆகியவை இந்தப் பூஞ்சையை ஏற்பதில்லை. அவற்றுக்குப் பின் மக்காச்சோளமோ தட்டைப்பயறோ போட்டால் அது மீண்டும் பெருகும்.

உட்பூசணத்தை நாற்றங்காலில் இடுவதே சிறந்தது என்பேன். சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் கீழே. மேலே தூவினால் வேர் அதைத் தொடாது. வேரில் பிடித்ததா என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய வேர்களைக் கழுவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, நீரில் அலசி, நீர்த்த அமிலத்தில் நனைத்து, டிரிபான் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். பிடித்திருந்தால் செல்களுக்குள் நீலக் கிளைக்கொத்துகள் தெரியும்.